கம்யூனிட்டி காலேஜ் யூனிட் எல்லாத்தையும் யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), கால் ஸ்டேட்ல (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஏத்துப்பாங்களா? பையன் விஷயமா கேக்கறேன் (கலிஃபோர்னியா)

ஃப்ரீமாண்ட்_கௌரி:
எல்லாருக்கும் வணக்கம். என் பையன் ஹைஸ்கூல் முடிக்கப் போறான், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்ங்கறான். யூசி-ல அவன் ஆசைப்பட்ட கேம்பஸ் எதுவும் கெடைக்கல, கெடைச்ச ஒரு பிரைவேட் யூனிவர்சிட்டி ஃபீஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ரெண்டு வருஷம் ஒலோனி இல்லன்னா டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சிட்டு ட்ரான்ஸ்ஃபர் ஆயிடறேன்னு அவனே சொல்றான், இவரும் சரின்னுட்டார். ஆனா கோயில்ல பாக்கறவங்க, சொந்தக்காரங்க எல்லாரும் "அங்க படிச்சதுல பாதிய யூனிவர்சிட்டிக்காரன் கணக்குல எடுத்துக்க மாட்டான், டிகிரி வாங்க ஆறு வருஷம் ஆயிடும்"னு சொல்லிச் சொல்லி எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு. நெஜமா என்னதான் நடக்கும்? நாங்க மொதல்ல எதப் பாக்கணும், யாரக் கேக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

செல்வி_ட்ரான்ஸ்ஃபர்:
கௌரி, நான் பே ஏரியால ஒரு கம்யூனிட்டி காலேஜ் ட்ரான்ஸ்ஃபர் சென்டர்ல வேலை பாக்கறேன், உங்க மாதிரி அம்மா அப்பா நெறைய பேர் வருவாங்க. உங்களுக்குச் சொன்னவங்க முழுசா பொய் சொல்லல. 2017-ல அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, 2004-லேர்ந்து 2009 வரைக்கும் காலேஜ் மாறினவங்க சராசரியா 43 சதவீத கிரெடிட்ட இழந்திருக்காங்கன்னு அதுல இருக்கு. ஆனா அது நாடு முழுக்க எல்லா விதமா மாறினவங்களையும் சேர்த்த கணக்கு, பிரைவேட்லேர்ந்து பப்ளிக், லாபத்துக்கு நடத்தற காலேஜ்லேர்ந்து வெளிய வந்தவங்க எல்லாம் அதுல அடக்கம். கலிஃபோர்னியால கம்யூனிட்டி காலேஜ்லேர்ந்து யூசி, கால் ஸ்டேட் போற வழி 1960 மாஸ்டர் பிளான் காலத்துலேர்ந்தே போட்டு வச்ச வழி. 116 காலேஜ் இருக்கு, எந்த காலேஜோட எந்த கோர்ஸ் எந்த யூனிவர்சிட்டியோட எந்த கோர்ஸுக்குச் சமம்னு அசிஸ்ட் டாட் ஆர்க் சைட்ல மேஜர் வாரியா எழுதியே வச்சிருக்காங்க. அதப் பாத்து எடுத்தா பெருசா எதுவும் வீணாகாது. வீணாகறது பெரும்பாலும் பாக்காம எடுக்கறதால.

இதுல எல்லாரும் கொழப்பிக்கற ஒண்ண மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கங்க. ஒரு கோர்ஸ யூனிவர்சிட்டி ஏத்துக்கறது மூணு தனித்தனி கேள்வி. யூனிட்டா, அதாவது கிரெடிட் கணக்குல, ஏத்துக்குவாங்களா, அது ஒண்ணு. ஜெனரல் எஜுகேஷன் (எல்லா மேஜர்காரங்களும் எடுக்கற பொதுப் பாடங்கள்) கணக்குல வருமா, அது ரெண்டாவது. மேஜருக்குத் தேவையான கோர்ஸா எண்ணுவாங்களா, அது மூணாவது. மொதல் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா போதும்னு நெனச்சு எடுத்துடறாங்க, அங்க போனப்புறம் அந்த யூனிட் டிரான்ஸ்கிரிப்ட்ல இருக்கும், ஆனா டிகிரிக்கு வேண்டிய எதையும் நெரப்பாது, வெறும் எலெக்டிவா கெடக்கும். பையன் ஒரு எடத்துல உக்காந்து ஒலோனி, டி ஆன்ஸா ரெண்டுக்கும் அவன் போக நெனைக்கற நாலு கேம்பஸ்க்கும் அசிஸ்ட்ல இருக்கற கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர் அக்ரிமெண்ட்ட எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கட்டும். எந்த காலேஜ்ல சேரணும்ங்கறதுக்கே அதுலதான் பதில் இருக்கு.

டேவிஸ்_தமிழன்:
ஆன்ட்டி நான் டி ஆன்ஸால படிச்சிட்டு யூசி டேவிஸ் போனவன், கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர் தான். செல்வி அக்கா சொன்னது கரெக்ட். அசிஸ்ட்ல எப்டி இருக்கும்னா இடது பக்கம் யூனிவர்சிட்டி கோர்ஸ், வலது பக்கம் உங்க காலேஜ் கோர்ஸ். சிலதுக்கு வலது பக்கம் ரெண்டு மூணு கோர்ஸ் "ஆண்ட்" போட்டு கட்டி வச்சிருப்பாங்க, அது மொத்தமா முடிச்சாதான் அந்த ஒண்ணு கணக்கு ஆகும், ஒண்ண மட்டும் எடுத்தா ஒண்ணும் கெடைக்காது. சில எடத்துல "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்"னு இருக்கும், அதப் பாத்து பயப்பட வேணாம், உங்க காலேஜ்ல அதுக்குச் சமமா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், பொதுவா அத அங்க போய் எடுத்துக்கலாம், இல்ல பக்கத்து காலேஜ்ல இருக்கான்னு பாக்கலாம்.

முக்கியமா சீரிஸ். என் ரூம்மேட்டுக்கு நடந்தது இது. டி ஆன்ஸா, ஃபூட்ஹில் எல்லாம் குவார்ட்டர் சிஸ்டம் (செமஸ்டர விட சின்ன டேர்ம்), கால்குலஸ் நாலு பாகமா வரும். ஒலோனி, மிஷன் எல்லாம் செமஸ்டர், அங்க மூணு பாகம். அவன் குவார்ட்டர் காலேஜ்ல ரெண்டு பாகம் முடிச்சிட்டு வீடு மாறினதால செமஸ்டர் காலேஜுக்குப் போனான், அங்க எந்தப் பாகத்துலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே யாருக்கும் தெரியல, முன்னாடி போனா நடுவுல ஒரு சாப்டர் விட்டுப்போகுது, பின்னாடி போனா படிச்சதையே படிக்கணும், ரிப்பீட்டுக்கு யூனிட்டும் கெடையாது. பாதி தச்ச சட்டைய வேற டெய்லர்கிட்ட குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அதனால கால்குலஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, புரோகிராமிங் இதெல்லாம் எந்த காலேஜ்ல ஆரம்பிச்சாலும் அதே காலேஜ்ல முடிக்கச் சொல்லுங்க. ஜெனரல் எஜுகேஷன் கோர்ஸ் வேணா ரெண்டு மூணு காலேஜ்ல ஆன்லைன்ல எடுக்கலாம், அதுல இவ்ளோ பிரச்சனை வராது.

டப்ளின்_அப்பா:
நல்ல இழை. என் பொண்ணு பத்தாவது படிக்கறா, லாஸ் பொசிட்டாஸ் காலேஜ்ல டூயல் என்ரோல்மெண்ட்ல (ஹைஸ்கூல்ல இருக்கறப்பவே காலேஜ் கோர்ஸ் எடுக்கறது) ஒரு கோர்ஸ் எடுக்கலாம்னு இருக்கா. இந்த யூனிட் எல்லாம் அப்புறம் யூசி போனா கணக்கு ஆகுமா? அத எடுத்தா அவள ட்ரான்ஸ்ஃபர் ஸ்டூடண்ட்னு சொல்லிடுவாங்களா? ஏபி எக்ஸாம் (ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் லெவல் பரீட்சை) வேற எழுதறா.

செல்வி_ட்ரான்ஸ்ஃபர்:
சார், ஹைஸ்கூல் முடிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ காலேஜ் கோர்ஸ் எடுத்தாலும் அவ ஃப்ரெஷ்மேன் அப்ளிகண்ட்தான், அதுல கவலையே வேணாம். யூசி ஏத்துக்கற கோர்ஸா இருந்தா யூனிட்டும் கெடைக்கும், ஹைஸ்கூல் ஜிபிஏ கணக்குல ஹானர்ஸ் பாயிண்ட்டும் கெடைக்கும். ஆனா அங்க வாங்கற மார்க் அவ காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல நெரந்தரமா உக்காந்துக்கும், பின்னாடி மெடிக்கல் ஸ்கூல், கிராட் ஸ்கூல் எங்க அப்ளை பண்ணாலும் அந்த டிரான்ஸ்கிரிப்ட்டையும் கேப்பாங்க. பத்தாவதுல வெளையாட்டா எடுத்து சி வாங்கற கோர்ஸ் எடுக்காமலே இருந்திருக்கலாம். அவளுக்கு நெஜமா ஆர்வம் இருக்கற பாடமா ஒண்ணு எடுக்கட்டும், நேரம் இருக்கற டேர்ம்ல எடுக்கட்டும்.

ஏபி-ல மூணு அல்லது அதுக்கு மேல வாங்கினா யூசி யூனிட் தரும். ஆனா ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவ தராது. ஏபி கால்குலஸ் பிசி-ல நல்ல ஸ்கோர் வாங்கிட்டு அதே கால்குலஸ காலேஜ்லயும் எடுத்தா ஒண்ணுக்குதான் யூனிட். ஆனா சில மேஜர்ல ஏபி ஸ்கோர மேஜர் கோர்ஸுக்குப் பதிலா ஏத்துக்கறதுல கேம்பஸுக்குக் கேம்பஸ் வித்தியாசம் இருக்கு, அந்தந்த கேம்பஸ் ஏபி சார்ட் பாருங்க.

எடிசன்_ரமேஷ்:
நியூ ஜெர்சிலேர்ந்து ஒரு வார்த்தை, இங்க இருக்கற தமிழ் ஆளுங்களுக்கும் உதவும். அசிஸ்ட் கலிஃபோர்னியாவுக்கு மட்டும்தான். எங்களுக்கு என்ஜே ட்ரான்ஸ்ஃபர்னு தனி சைட் இருக்கு. 2007-ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, லாம்பிட் சட்டம்னு சொல்வாங்க, கவுண்டி காலேஜ்ல ஏஏ இல்ல ஏஎஸ்ங்கற ரெண்டு வருஷ டிகிரி முடிச்சுட்டுப் போனா, ஸ்டேட்டோட பப்ளிக் யூனிவர்சிட்டில அட்மிஷன் கெடைச்சதும் மூணாவது வருஷமா எடுத்துக்கணும். ஆனா ஏஏஎஸ் டிகிரிக்கு அது பொருந்தாது, ஒரே ஒரு எழுத்து கூட இருக்கறதால நெறைய பேர் கவனிக்கறதில்ல. அது வேலைக்குப் போறவங்களுக்கான டிகிரி. எங்க ஏரியால மிடில்செக்ஸ் காலேஜ்லேர்ந்து ரட்கர்ஸ் யூனிவர்சிட்டி போற பசங்க நெறைய, டிகிரி முடிக்காம பாதில கிளம்பினா அந்த பாதுகாப்பு போயிடும், கோர்ஸ் கோர்ஸா பாப்பாங்க. டெக்ஸாஸ்ல இருக்கற என் மச்சான் பசங்களுக்கு வேற மாதிரி, அங்க 42 கிரெடிட் கோர் கரிகுலம்னு ஒண்ணு, அத முழுசா முடிச்சா எந்த பப்ளிக் யூனிவர்சிட்டியும் தன்னோட கோருக்குப் பதிலா அப்படியே எடுத்துக்கணும். எந்த ஸ்டேட்ல இருக்கீங்களோ அந்த ஸ்டேட் விதிய மட்டும் கேளுங்க, வாட்ஸாப் குரூப்ல வேற ஸ்டேட்காரங்க சொல்றத வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஃப்ரீமாண்ட்_கௌரி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பையனும் நானும் இப்ப அந்த சைட்ட தெறந்து வச்சிட்டுதான் இருக்கோம். ரெண்டு மூணு சந்தேகம். டேக்-னு ஒண்ணு இருக்காமே, அத வச்சா யூசி சீட் கேரண்டின்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னாங்க, அப்ப பெர்க்லியும் கேரண்டியா? ஐகெட்சி முடிக்கணுமா வேணாமா? அப்புறம் டி ஆன்ஸால 90 யூனிட்ங்கறாங்க ஒலோனில 60 யூனிட்ங்கறாங்க, ஏன் டி ஆன்ஸால இவ்ளோ ஜாஸ்தி படிக்கணும்?

செல்வி_ட்ரான்ஸ்ஃபர்:
கடைசிலேர்ந்து வரேன். ரெண்டும் ஒரே அளவு படிப்புதான். ஒரு குவார்ட்டர் யூனிட் செமஸ்டர் யூனிட்ல மூணுல ரெண்டு பங்கு. யூசி-ல ஜூனியரா (மூணாவது வருஷத்துல) சேர 60 செமஸ்டர் யூனிட் வேணும், குவார்ட்டர்னா 90. இங்கதான் கணக்குல கோட்ட விடுவாங்க, 88 குவார்ட்டர் யூனிட் வச்சிட்டு முடிஞ்சுதுன்னு நெனப்பாங்க, மாத்திப் பாத்தா 58.67 வரும், அட்மிஷனே போயிடும். ரெண்டு விதமான காலேஜ்ல கலந்து எடுத்தா கண்டிப்பா கால்குலேட்டர்ல போட்டுப் பாக்கணும். ஸ்பிரிங் டேர்ம் முடியறதுக்குள்ள 60 தொடணும், சம்மர்ல சரி பண்ணிக்கலாம்னு நம்பி இருக்கக் கூடாது. இன்னொரு பக்கம் கம்யூனிட்டி காலேஜ்லேர்ந்து யூசி 70 செமஸ்டர் யூனிட் வரைக்கும்தான் எண்ணும். அதுக்கு மேல எடுத்த கோர்ஸ் பாட அளவுல ஏத்துப்பாங்க, அதாவது அந்தத் தேவை முடிஞ்சுதுன்னு ஒத்துப்பாங்க, யூனிட் மட்டும் கூடாது. ஏபி யூனிட் இந்த 70-ல சேராது. அதனால கொஞ்சம் கூட எடுத்துட்டா ஒண்ணும் ஆபத்தில்ல.

டேக்னா ட்ரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி. அது ஆறு கேம்பஸ்ல மட்டும், டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோல கெடையாது. ஆறுல ஒரே ஒரு கேம்பஸுக்குதான் போட முடியும். கேம்பஸ் இருந்தாலும் மேஜர் இருக்கணும், சாண்டா பார்பரால இஞ்சினியரிங் காலேஜுக்கே டேக் இல்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்க அந்த காலேஜ்லதான் வருது. மத்த சில எடத்துலயும் கம்ப்யூட்டர் சயின்ஸ டேக் லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறாங்க, அந்த வருஷத்து டேக் மேட்ரிக்ஸ் (கேம்பஸ் வாரியான பட்டியல்) பாத்து முடிவு பண்ணுங்க. அப்ளிகேஷன் செப்டம்பர் 1-லேர்ந்து 30 வரைக்கும். யூசி மெயின் அப்ளிகேஷன் அதுக்கப்புறம் தனியா போடணும், டேக் போட்டதோட நிறுத்திட்டு மெயின் அப்ளிகேஷன் போடாம விட்டவங்க இருக்காங்க, அவங்களுக்கு கேரண்டி கெடையாது.

இதுல நீங்க இன்னொண்ணு யோசிக்கணும் கௌரி. இந்த ஃபால்ல சேர்ந்தா அடுத்த வருஷம் ஃபால்லயே அவன் அப்ளை பண்ணணும். அதாவது அவன் கையில ஒரே ஒரு வருஷத்து மார்க்தான் இருக்கும். மொத டேர்ம்ல "பழகிக்கட்டும்"னு சுலபமான ஜிஇ (ஜெனரல் எஜுகேஷன்) மட்டும் எடுத்து கணக்கத் தள்ளிப் போட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ரெண்டு வருஷத்துல முடியவே முடியாது, ஏன்னா கால்குலஸ், அதுக்கப்புறம் மல்டிவேரியபிள், லீனியர் ஆல்ஜிப்ரா, ஒரு சில கேம்பஸ்ல கால்குலஸ் அடிப்படை ஃபிசிக்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் மேத் எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நிக்குது. கணக்கும் புரோகிராமிங்கும் மொத டேர்ம்லயே ஆரம்பிக்கணும்.

ஐகெட்சி விஷயம், அதாவது ட்ரான்ஸ்ஃபருக்கு முன்னாடி முடிக்கற ஜிஇ கோர்ஸ் தொகுப்பு. 2025 ஃபால்லேர்ந்து புதுசா சேர்றவங்களுக்கு அது இல்ல, கால்-கெட்சின்னு ஒண்ணு வந்திருக்கு, 34 செமஸ்டர் யூனிட், யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் ஒரே பேட்டர்ன். முன்னாடி கால் ஸ்டேட்டுக்கு மட்டும் கேட்ட மேடைப் பேச்சு கோர்ஸ் இப்ப எல்லாருக்கும் உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கு நான் சொல்றது மேஜர் கோர்ஸ் மொதல்ல, ஜிஇ ரெண்டாவது. பெர்க்லி இஞ்சினியரிங் காலேஜ் மாதிரி எடத்துல ஜிஇ பேட்டர்ன முடிச்சதுக்கு பலனே இல்ல. மேஜர் கோர்ஸ் பாக்கி வச்சிட்டு ஜிஇ முழுசா முடிச்சு வர்ற பசங்கள செலக்டிவ் மேஜர்ல சேத்துக்கறது கஷ்டம். ஜிஇ பேட்டர்ன முழுசா முடிச்சா உங்க காலேஜ்லேர்ந்து சர்டிஃபிகேஷன் கேட்டு அனுப்ப வைக்கணும், அது தானா போகாது. அது போகலன்னா யூனிவர்சிட்டி தன்னோட ஜிஇ-ய மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

டேவிஸ்_தமிழன்:
அக்கா சொன்ன ஜிஇ சர்டிஃபிகேஷன் அனுப்பற விஷயம் எங்க பேட்ச்ல எவ்ளோ பேர் விட்டாங்கன்னு பாத்திருக்கேன். ஃபைனல் டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள்ள யூசிக்குப் போய்ச் சேரணும், ரெண்டையும் சேத்து ரிக்வெஸ்ட் பண்ணிடுங்க. அப்புறம் ஒரு காலேஜ்ல ஒரே ஒரு கோர்ஸ் ஆன்லைன்ல எடுத்திருந்தாலும் அந்த காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்டும் அனுப்பணும்.

யூனிட் வரும், மார்க் வராது ஆன்ட்டி. டேவிஸ்ல எனக்கு ஜிபிஏ ஜீரோலேர்ந்து ஆரம்பிச்சுது. மொத குவார்ட்டர்ல நேரா அப்பர் டிவிஷன் (மூணாவது, நாலாவது வருஷ) கோர்ஸ், பத்து வாரத்துல முடியற வேகம், தட்டுத் தடுமாறினா காப்பாத்த பழைய ஏ கிரேடு எதுவும் பின்னாடி நிக்காது. அதனால மொத குவார்ட்டர்ல கம்மியா எடுக்கச் சொல்லுங்க.

எல்லா கோர்ஸோட சிலபஸையும் பிடிஎஃபா சேவ் பண்ணி வைங்க. அசிஸ்ட்ல இல்லாத கோர்ஸுக்கு டிபார்ட்மெண்ட்ல பெட்டிஷன் போடலாம், அப்ப மொதல்ல கேக்கறது சிலபஸ்தான், ரெண்டு வருஷம் கழிச்சு ப்ரொஃபசர் வேற எடம் போயிருப்பார், கெடைக்காது.

எச்4_மீனா:
கௌரி அக்கா இழைல நானும் கேட்டுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் கோயம்புத்தூர்ல பிஇ ரெண்டு வருஷம் படிச்சேன், கல்யாணமாகி இங்க வந்ததால முடிக்கல. இப்ப எச்4 விசால (வீட்டுக்காரரோட வேலை விசாவ ஒட்டி வர்றது) சாண்டா கிளாரால இருக்கோம், ரெண்டு வருஷம் ஆச்சு. கம்யூனிட்டி காலேஜ் மூலமா டிகிரி முடிக்க ஆசை. அங்க படிச்ச ரெண்டு வருஷம் கணக்குல வருமா? ஃபீஸ் வெளிநாட்டுக்காரங்க ஃபீஸா?

செல்வி_ட்ரான்ஸ்ஃபர்:
மீனா, நல்லா கேட்டீங்க, தப்பா எடுத்துக்க என்ன இருக்கு. ஃபீஸ் மொதல்ல. எச்4-ல இருக்கறவங்க கலிஃபோர்னியால ஒரு வருஷத்துக்கு மேல இங்கதான் குடியிருக்கோம்னு காட்டினா ரெசிடெண்ட் ஃபீஸ் வாங்கலாம். லீஸ், டாக்ஸ் ரிட்டர்ன், டிரைவர்ஸ் லைசன்ஸ் எல்லாம் ரெடியா வைங்க. ரெசிடெண்ட்டுக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760 ஆகும், புக் செலவு தனி. யூசி-ல ஒரு வருஷத்து ட்யூஷனே சுமார் 15,000 டாலர் கிட்ட வருதுன்னா வித்தியாசத்த நீங்களே பாருங்க. கவுண்ட்டர்ல யாராவது விசா பாத்துட்டு நான்-ரெசிடெண்ட்னு போட்டா அதோட திரும்பி வந்துடாதீங்க, அட்மிஷன்ஸ் ஆஃபீஸ்ல ரெசிடென்ஸி அதிகாரியக் கேளுங்க, எச்4-க்கு அந்த உரிமை இருக்கு.

கோயம்புத்தூர் படிப்புக்கு, மார்க் ஷீட்டோட கோர்ஸ் கோர்ஸா எவாலுவேஷன் பண்ணணும், என்ஏசிஇஎஸ் (வெளிநாட்டுப் படிப்ப மதிப்பிடற ஏஜென்சிகளோட சங்கம்) மெம்பரா இருக்கற ஏஜென்சில. கம்யூனிட்டி காலேஜ் அத வச்சு தன்னோட டிகிரிக்கு சிலத ஏத்துக்கலாம். ஆனா கால்-கெட்சி கணக்குல வெளிநாட்டுப் படிப்பு வராது, இங்க எடுத்தாகணும். யூசி வெளிநாட்டு டிரான்ஸ்கிரிப்ட்ட தானே மதிப்பிடும், உங்க எவாலுவேஷன் ரிப்போர்ட் அதக் கட்டுப்படுத்தாது. கணக்கு, ஃபிசிக்ஸ் மாதிரி பாடத்துல சிலபஸ் இருந்தா பேசிப் பாக்கலாம். யூனிவர்சிட்டிலேர்ந்து சிலபஸ் புக் கெடைச்சா அத வாங்கி வைங்க. ஒரு விஷயம் கண்டிப்பா, அந்த ரெண்டு வருஷத்த அப்ளிகேஷன்ல சொல்லாம விடாதீங்க, மார்க் கம்மியா இருந்தாலும் சரி. படிச்ச எல்லா காலேஜையும் சொல்லணும்ங்கறது விதி, மறைச்சது தெரிஞ்சா சேர்ந்தப்புறமும் கேன்சல் பண்ணிடுவாங்க.

டிகிரி முடிச்சவங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கு வேற கதை. யூசி பெரும்பாலும் ரெண்டாவது பேச்சலர்ஸுக்கு எடுக்கறதில்ல, அவங்க மாஸ்டர்ஸ் பக்கம் பாக்கறது நல்லது.

எச்4_மீனா:
அக்கா கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நான் விசாவ சொல்லிக் கேட்டப்பவே ஒரு எடத்துல நான்-ரெசிடெண்ட்னுதான் சொன்னாங்க, அதோட விட்டுட்டேன். நாளைக்கே லீஸ் எடுத்துட்டுப் போறேன்.

ஃப்ரீமாண்ட்_கௌரி:
மீனா கண்டிப்பா போங்க. நாங்க மூணு நாளா உக்காந்து பாத்தோம். பையன் டேவிஸ், சாண்டா குரூஸ், சான் டியாகோ, சான் ஹோசே ஸ்டேட் நாலையும் எடுத்துப் பாத்தான். அவன் பாத்த வரைக்கும் ரெண்டு காலேஜ்லயும் கணக்கு முழுசா ஒத்துப்போகுது, கம்ப்யூட்டர் சயின்ஸ் கோர்ஸ்லதான் டி ஆன்ஸால கொஞ்சம் கூட ஆர்ட்டிகுலேட் ஆகுது. ஆனா ஒலோனி வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம். ஏடிடி (கம்யூனிட்டி காலேஜ்ல ட்ரான்ஸ்ஃபருக்குன்னே உள்ள ரெண்டு வருஷ டிகிரி) முடிச்சா சான் ஹோசே ஸ்டேட் கேரண்டின்னு ஒருத்தர் சொன்னார், அது நெஜமா? இன்னொண்ணு, என் மாமனார் ஊர்லேர்ந்து ஃபோன்ல கேட்டார், சர்டிஃபிகேட்ல எந்த காலேஜ் பேர் இருக்கும்னு.

செல்வி_ட்ரான்ஸ்ஃபர்:
ஏடிடி 2010 சட்டத்துல வந்தது. முடிச்சா கால் ஸ்டேட் சிஸ்டத்துல எங்கயாவது ஒரு எடம் உறுதி, அங்க போய் இன்னும் 60 யூனிட்ல டிகிரி முடிக்கற மாதிரி வச்சிருப்பாங்க. குறிப்பிட்ட கேம்பஸ், குறிப்பிட்ட மேஜர் உறுதி இல்ல. சான் ஹோசே ஸ்டேட் கம்ப்யூட்டர் சயின்ஸ் இம்பேக்டட், அதாவது எடத்த விட அப்ளை பண்றவங்க ஜாஸ்தி, போட்டி இருக்கும், ஏடிடி இருந்தா கொஞ்சம் சலுகை உண்டு, அவ்ளோதான். டிகிரி சர்டிஃபிகேட்ல யூனிவர்சிட்டி பேர் மட்டும்தான் இருக்கும்னு மாமனார்கிட்ட சொல்லுங்க.

காலேஜ் எதுன்னு கேட்டா, கோர்ஸ் நெஜமாவே ஒவ்வொரு வருஷமும் நடக்குதான்னு ரெண்டு காலேஜ் ஷெட்யூலும் எடுத்துப் பாருங்க. கேட்டலாக்ல இருக்கும், ஆனா சில கோர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவதான் போடுவாங்க, ஆள் சேரலன்னா கேன்சலும் ஆகும். டிஸ்க்ரீட் மேத்தும் அசெம்ப்ளி மாதிரி கோர்ஸும் எந்த டேர்ம்ல வருதுன்னு போன ரெண்டு வருஷ ஷெட்யூல்ல பாத்தா தெரிஞ்சிடும். அது ரெண்டு காலேஜ்லயும் சரியா வந்தா நான் வீட்டுப் பக்கத்துல இருக்கறதத்தான் சொல்வேன், பத்து நிமிஷத்துல போயிட்டு வர்றவன் டியூட்டரிங் சென்டர்ல உக்காந்து படிப்பான்.

ஃப்ரீமாண்ட்_கௌரி:
ஷெட்யூல் பாக்கணும்னு தோணவே இல்ல, இன்னிக்கே பாக்கறோம். கடைசியா ஒண்ணு, இங்கிலீஷ் கோர்ஸ் நம்பர் அசிஸ்ட்ல பழைய வருஷத்துல ஒரு மாதிரியும் காலேஜ் சைட்ல சி1000-னும் இருக்கு, ரெண்டும் ஒண்ணா?

டேவிஸ்_தமிழன்:
அதே கோர்ஸ்தான் ஆன்ட்டி. 2025 ஃபால்லேர்ந்து சில கோர்ஸுக்கு எல்லா கம்யூனிட்டி காலேஜ்லயும் ஒரே நம்பர் வச்சிட்டாங்க, இங்கிலீஷ், ஸ்டாட்ஸ், சைக்காலஜி, பொலிட்டிக்கல் சயின்ஸ், பேச்சு கோர்ஸ்ல ஆரம்பிச்சிருக்காங்க, நம்பர்ல சி இருந்தா அதுதான். பழைய நம்பர்ல ஒருத்தர் முடிச்சிருந்தா மறுபடி எடுக்க வேணாம். அசிஸ்ட்ல மேல வருஷம் செலக்ட் பண்ற எடம் இருக்கும், பையன் கோர்ஸ் எடுக்கற வருஷத்த வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அந்த வருஷத்து பக்கத்த பிடிஎஃபா எறக்கியும் வைங்க. ரெஜிஸ்ட்ரேஷன் தேதி முன்கூட்டியே வேணும்னா ஓரியண்டேஷனும் எஜுகேஷன் பிளானும் இப்பவே முடிக்கச் சொல்லுங்க, கால்குலஸ் செக்ஷன் சீக்கிரம் நெரம்பிடும்.